ஈர மணலில் ஒரு கோடு

பக்கவாதத்திலிருந்து தேறிவந்த தணிகாசலத்தை ஈர மணலில் நடக்கச் சொல்லியிருந்தார்கள். கடலும் வானமும் பிரியாத விடியலில் அவர் முன்னே நடப்பார். மனைவி கோமளா பின்னால் வருவாள். திரும்பிப் பார்த்தால் வலது காலுக்குத் தடம் இருக்கும். இடது காலுக்கு இழுபட்ட கோடுதான்.

"பாம்பு போன மாதிரி இருக்கு. நாளைக்கு வரமாட்டேன்" என்றார் ஒருநாள்.

மறுநாள் அவள் விடவில்லை. பாதி தூரத்தில், "இப்பத் திரும்பிப் பாருங்க" என்றாள்.

கோட்டைக் காணோம். இரண்டு கால்களும் பதிந்திருந்தன. வலது தடத்துக்குள் ஒரு சின்னத் தடம் பதுங்கியிருந்தது. இடது தடத்தின் இரண்டாம் விரலடியில் மெட்டியின் பள்ளம்.

"என் காலா இது?"

"பின்னே யாருதாம்?"

அலை வந்து துடைத்துப் போனது. இன்னும் கொஞ்சம் நடக்கலாம் என்றார். மரத்துப்போன இடது காலின் இரண்டாம் விரலை, வளையமாக ஏதோ சில்லென்று இறுக்கியது.