விரியாத குண்டு

"கையெழுத்துப் போடமாட்டன் எண்டு சொல்லும் அவருக்கு."

சதாசிவம் கத்தியை மேசையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

குணரத்தினம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தாளை இன்னொரு தரம் வாசித்தார். அவருக்கு நகர மையத்தில் வங்கி வேலை. ஆக்லாந்தில் தமிழருக்கு மொழிபெயர்க்க ஆள் வேண்டுமென்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். இன்றைக்குக் கூப்பிட்டவர், மாசி என்ற புறநகரில் இறைச்சிக்கடை வைத்திருக்கும் கெவின். மேசைக்கு மற்றப் பக்கம் நின்றார்.

வேட்டைக்காரர்கள் தாங்கள் சுட்ட மானைக் கொண்டுவந்து கொடுத்து, துண்டு போட்டு வாங்கிப் போகிற கடை அது. மூன்று வருசமாக அங்கே வெட்டுவது சதாசிவம். இறைச்சிக்குள் அகப்படும் குண்டைக் கழுவி, எவ்வளவு தூரத்தில் நின்று சுட்டது என்று சுட்டவரிடமே கேட்டு எழுதி, போத்தலில் போட்டு வைப்பார். யாரும் சொல்லிச் செய்ததில்லை. அவருடைய பழக்கம் அப்படி.

கெவின் இப்போது குண்டும் விற்கத் தொடங்கியிருந்தார். அந்தக் குண்டு தூரத்திலும் நன்றாக வேலை செய்யும் என்று கடைக் கண்ணாடியில் ஒட்ட அவருக்கு ஒரு சாட்சிக் கடிதம் வேண்டும்.

"ஐசே, இதில என்ன பொய் இருக்கு?" என்றார் குணரத்தினம். "நானூறு மீற்றருக்கு மேல நிண்டு சுட்ட முப்பத்தொரு மானுக்குள்ள இருந்து இந்தக் குண்டை எடுத்தனீர். முப்பத்தொண்டும் வடிவா விரிஞ்சிருந்தது. இவ்வளவுதான் எழுதியிருக்கு. போத்தலைக் கொட்டி நானே எண்ணிப் பாத்திட்டன்."

"ஓம். கணக்குச் சரி."

"பிறகென்ன?"

"கணக்குச் சரி. கையெழுத்துப் போடமாட்டன்."

கெவின் ஏதோ சொன்னார். குணரத்தினம் குரலைத் தாழ்த்தினார்.

"மனுசியின்ரை விசாவுக்கு வேலைக் கடிதம் கேட்டனீராம். நீர் இதில வைச்சா அவர் அதில வைப்பாராம்."

சதாசிவத்தின் முகம் கறுத்தது. புஷ்பவதி கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் நாலு வருசமாகக் காத்திருக்கிறாள். அந்தக் கடிதம் இல்லாமல் அவளுடைய விண்ணப்பம் நகராது.

"மனுசியை விட மான் பெரிசோ உமக்கு?"

"நீர் உம்மடை வேலையைப் பாரும்!"

தொண்ணூற்றிரண்டில் அகதி விசாரணை நடந்தபோதும் மொழிபெயர்க்க வந்தவர் இதே குணரத்தினம்தான். தம்பி சுடப்பட்டுச் செத்த கதையைச் சதாசிவம் பத்து நிமிசம் தலையிலடித்து அழுது சொன்னார். குணரத்தினம் இங்கிலீசில் சொன்னது இரண்டே வரி. விசா கிடைத்தது. கோபம் போகவில்லை. வெள்ளிக்கிழமைப் பூசையில் குணரத்தினம் ஒரு பந்தியில் இருந்தால் சதாசிவம் அடுத்த பந்திக்கு நிற்பார்.

"இண்டைக்காவது நான் சொல்லுறதை முழுசாச் சொல்லும்," என்றார் சதாசிவம். "தூரத்தில நிண்டு சுட்டா குண்டின்ரை வேகம் குறைஞ்சிடும். விரிஞ்சா மான் அந்த இடத்திலயே விழும். விரியாட்டி ஊசி மாதிரி ஒரு பக்கத்தால போய் மற்றப் பக்கத்தால வந்திடும். மான் ஓடிப் போய்ப் பத்தைக்குள்ள ரெண்டு மூண்டு நாள் கிடந்து சாகும். அதை ஆர் இந்த மேசைக்குக் கொண்டு வாறான்? இஞ்ச வாறது விழுந்த மான் மட்டும்தானே? அப்ப போத்தலுக்குள்ள விரிஞ்ச குண்டு மட்டும்தானே இருக்கும்! என்ரை பேரைப் பாத்து நாளைக்கு ஒருத்தன் அறுநூறு மீற்றரில நிண்டு சுடுவான்."

மூச்சு வாங்கியது. நிறுத்தவில்லை.

"இன்னும் கேளும். இவன் ஒரு நாய். மனுசியைக் காட்டி என்னை வெருட்டுறான். இண்டையோட வேலையும் வேண்டாம். இந்தக் கத்தியாலயே இவனை ஒரு நாளைக்கு வெட்டுறன் எண்டு சொல்லும். ஒண்டும் விடாமல் சொல்லும்!"

குணரத்தினம் கெவின் பக்கம் திரும்பி அமைதியாகச் சொன்னார்.

இரண்டே வரி.

கெவின் போத்தலைக் கையில் எடுத்து, கொஞ்ச நேரம் உருட்டிப் பார்த்தார். பிறகு தாளை நாலாக மடித்துக் குப்பையில் போட்டார். மேசை லாச்சியைத் திறந்து வேலைக் கடிதத்தை எடுத்துக் கையெழுத்து வைத்து நீட்டினார். தணிந்த குரலில் ஏதோ சொல்லிவிட்டு முன்கடைக்குப் போனார்.

"என்னவாம்?"

"போன வருசம் அவர் சுட்ட மான் ஒண்டும் ஓடிப் போட்டுதாம். மூண்டு நாள் தேடியும் கிடைக்கேல்லையாம்."

"நீர் என்ன சொன்னனீர்?"

"'ஓடிப்போன மான் இந்த மேசைக்கு வாறதில்லை. அதுகளுக்காக இவர் பொறுப்பெடுக்க மாட்டார்.' அவ்வளவுதான்."

"நாய் எண்டதை?"

"சொல்லேல்லை."

"வேலை வேண்டாம் எண்டதை? கத்தியை?"

"அதுகளும் சொல்லேல்லை."

சதாசிவம் மேசையில் ஓங்கி அடித்தார். போத்தல் துள்ளியது.

"அண்டைக்கும் இதைத்தானே செய்தனீர்! என்ரை தம்பியின்ரை சாவை ரெண்டு வரியில முடிச்சனீர். நாலு வருசமா என்ரை நெஞ்சுக்குள்ள கிடந்து எரியுது. மனுசனோ நீர்?"

குணரத்தினம் சட்டைப்பையிலிருந்து கார்த் திறப்பை எடுத்தார். வாசல்வரை போனவர் நின்றார்.

"'தம்பியைச் சுட்டுப் போட்டாங்கள். திரும்பிப் போக இவருக்குப் பயம்.' அண்டைக்கு நான் சொன்ன ரெண்டு வரி அதுதான். மிச்ச நேரம் முழுக்க, திரும்பிப் போய்ச் சுட்டவன்ரை வீட்டைத் தேடிப் பிடிச்சு அவன்ரை பிள்ளையளையும் சுடுவன் எண்டு கத்தினனீர். அதையும் இங்கிலீசில சொல்லியிருக்க வேணுமோ, ஐசே?"