ஒரே வீட்டில் இருந்ததற்கு ஆதாரம்

மல்லேஸ்வரத்தில் உள்ள தன் விசா ஆலோசனை அலுவலகத்தில் சுதீர் பொறுமையாக விளக்கினார்.

"நியூசிலாந்துக்காரரோட துணைன்னு விசிட்டர் விசா கேட்டா, காதல் மட்டும் போதாது மேடம். ரெண்டு பேரும் சேர்ந்து வாழ்ந்தீங்களான்னு பாப்பாங்க. வாடகை ஒப்பந்தம், ஒரே அட்ரஸுக்கு வந்த கொரியர், போட்டோ, எதுவா இருந்தாலும் குடுங்க."

சிந்து தயங்கினாள். "ஒப்பந்தம் லியாம் பேர்ல மட்டும்தான் சார். என் கொரியரெல்லாம் ஆபீஸுக்கு வரும். போட்டோவே எடுத்துக்கல."

"ரெண்டு வருஷத்துல ஒண்ணுகூடவா?"

"வீட்டுக்குத் தெரியக் கூடாதுன்னுதான்."

பக்கத்து நாற்காலியில் அவள் அப்பா சந்திரசேகரன் உட்கார்ந்திருந்தார். போன வாரம்தான் அவரிடம் விஷயத்தைச் சொன்னாள். 'நானும் வரேன்' என்று மட்டும் சொல்லி, காலை ரயிலில் வேலூரிலிருந்து வந்திருந்தார்.

"ஆதாரம் இல்லேன்னா ரிஜெக்ட் பண்ணிடுவாங்க மேடம். அப்புறம் அவர் அங்க, நீங்க இங்க."

சந்திரசேகரன் தன் செல்போனை நீட்டினார். "இது ஆகுமா பாருங்க."

சுதீர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். சிந்துவும் லியாமும் காய்கறிப் பையோடு வீட்டுக்குள் நுழைகிறார்கள். காலையில் ஒன்றாகக் கதவைப் பூட்டுகிறார்கள். எல்லாப் படத்திலும் தேதி இருந்தது.

"இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது சார். யார் எடுத்தது?"

"டிடெக்டிவ் ஏஜென்சி. இவளுக்கு வரன் பாக்க ஆரம்பிச்சப்போ நான்தான் ஏற்பாடு பண்ணேன்."

சிந்து அப்பா பக்கம் திரும்பினாள். "தெரிஞ்சும் ஏம்பா கேக்கல?"

"சண்டை போடத்தான் கிளம்பினேன். மாசாமாசம் வந்த போட்டோவுல, தண்ணி கேன மூணு மாடிக்கும் அவன்தான் தூக்கிட்டுப் போறான். சரி, நமக்கு வேற மாப்பிள்ளை எதுக்குன்னு வரன் பாக்கறத நிறுத்திட்டேன்."