பாதி டீ

முன் இருக்கையில் இருந்தவன் திரும்பவே இல்லை. கையை மட்டும் தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்டினான்.

கையில் ஒரு காகிதக் கோப்பை. அதில் பாதி டீ.

பழக்க தோஷம். இவன் இடது கையால் வாங்கிக்கொண்டான்.

வலது கை கத்திப்பிடியில் இருந்தது.

"படம் முடியட்டும்டா. அப்பால பாத்துக்கலாம்," என்றான் சைமன், திரையைப் பார்த்தபடியே.

திரைப்பட விழாவின் காலைக் காட்சி. அரங்கில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இவன் கழுத்தில் விழா அட்டை தொங்கியது. அதிலிருந்த முகம் வேறு யாருடையதோ. வாசலில் பைகளைத்தான் தடவிப் பார்த்தார்கள். இடுப்பை யாரும் பார்க்கவில்லை.

இவன் கூட்டாளிகள் மாதக்கணக்கில் ஊரைச் சலித்துத் தேடியிருந்தார்கள். கடைசியில் சினிமாப் பைத்தியம்தான் சைமனைக் காட்டிக்கொடுத்தது. உயிருக்குப் பயந்து ஒளிந்திருப்பவன் ஜப்பான் படம் பார்க்க வருவானா?

சைமன் வருவான். அது இவனுக்குத்தான் தெரியும். அதனால்தான் இவனை அனுப்பினார்கள்.

வெளியே வேன் நிற்கிறது. வேனுக்குள் நாலு பேர்.

"படம் உட்றதுக்குள்ள முட்ச்சிட்டு வந்துடு. வர்லைன்னா நாங்க உள்ள வருவோம். அப்ப ரெண்டு பேருக்கும் சேத்துதான்." இப்படிச் சொல்லித்தான் இறக்கிவிட்டிருந்தார்கள்.

திரையில் ஒரு கிழவர் சின்னக் கிண்ணத்தில் சாராயம் ஊற்றினார். கொஞ்சம் தான் குடித்துவிட்டு, எதிரே மண்டியிட்டிருந்த இரண்டு பேருக்கும் மீதியைக் கொடுத்தார். இரண்டு கையாலும் ஏந்தி வாங்கிக் குடித்தார்கள். அன்றிலிருந்து அவர்கள் சகோதரர்கள்.

கீழே ஓடிய ஆங்கிலம் இவனுக்குப் புரியவில்லை. புரியவேண்டிய அவசியமும் இல்லை.

இவர்கள் கூட்டத்தின் தலைவர் வரதண்ணனிடம் அது டீ.

காசிமேட்டில் அவர் வழக்கமாக நிற்கும் கடையில் ஒரு கிளாஸ் வாங்கி இரண்டாகப் பிரிக்கச் சொல்வார். பிரித்துக் குடித்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் கத்தி தூக்கக் கூடாது. வாங்கியவன் குடிக்கும்வரை, கொடுத்தவன் வாய் வைக்கக் கூடாது. அண்ணன் கூட்டத்தில் வேறு சட்டம் எதுவும் கிடையாது. இவனும் சைமனும் அப்படிக் குடித்தவர்கள். சேர்ந்து போனாலே கடைக்காரர் கேலி செய்வார்: "வந்துட்டாங்கய்யா, புருசன் பொண்டாட்டி."

சைமனின் தம்பி பிலிப்பும் குடித்தான். வரதண்ணன் கிளாஸிலிருந்தே.

பிலிப் போலீசுக்குத் துப்பு கொடுத்தான் என்று யாரோ அண்ணன் காதில் ஓதினார்கள். அண்ணன் அவனை முடிக்கச் சொல்லிவிட்டார். பிறகுதான் தெரிந்தது, துப்பு கொடுத்தவன் வேறு ஆள்.

"சரி, உடு," என்றார் அண்ணன்.

பிணவறை வாசலில் சைமனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதவன் இவன். சட்டத்தை முதலில் உடைத்தது யார் என்று அன்றே எல்லாருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை.

சைமன் திறந்தான். அண்ணன் டீக்கு வரும் நேரத்தை எதிராளிகளிடம் சொன்னான். கையில் பிடித்த கிளாஸோடு அண்ணன் ரோட்டில் விழுந்தார்.

அவருக்காகவும் இவன் அழுதான்.

இரண்டு அழுகையும் உண்மை.

டீ ஆறிக்கொண்டிருந்தது. முன்னால், மற்றப் பாதி இருந்த சைமனின் கோப்பையும் அப்படியே இருந்தது. அவன் வாய் வைக்கவில்லை.

திரையில் பனி கொட்டியது. கிழவரைக் கொன்றது அந்த இருவரில் ஒருவன். மற்றவன் அவனைத் தேடி வந்துவிட்டான். ஒரே வெட்டு. சத்தமே இல்லை.

வெட்டியவன் கத்தியைக் கீழே போட்டான். குனிந்து, பனிக்குள் எதையோ துழாவினான். மரச்செருப்பு. மற்றதையும் தேடி எடுத்தான். செத்தவன் காலடியில் இரண்டையும் ஜோடி சேர்த்து வைத்தான்.

இவனுக்கு அழுகை வந்தது. போயும் போயும் எவனோ ஜப்பான்காரனுக்காக அழுவதா என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. கண் கேட்கவில்லை.

முன்னால் சைமனின் தோள் குலுங்கியது. எப்போதும் படத்துக்கு அழுகிறவன் அவன். செருப்பைக் கழற்றிவிட்டு, சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அழுவான். இன்றும் அப்படித்தான். கழற்றிய செருப்பில் ஒன்று சறுக்கி வந்து இவன் காலருகே கிடந்தது.

பெயர்கள் ஓடி முடிந்தன. இருந்த சிலரும் கொட்டாவி விட்டபடி எழுந்து போனார்கள்.

விளக்கு எரிந்தது.

சைமன் எழவில்லை. காலரைப் பின்னால் இழுத்துவிட்டுத் தலை குனிந்துகொண்டான். பிடரியில் நரை விழுந்திருந்தது. அது எப்போது விழுந்தது என்று இவனுக்குத் தெரியவில்லை.

கத்திப்பிடி வியர்வையில் வழுக்கியது.

இவன் கோப்பையை வாயில் வைத்தான். ஆடை படிந்த, ஆறிப்போன டீ. ஒரே மூச்சில் குடித்தான். காலிக் கோப்பையைச் சைமனின் கண்ணுக்கு முன்னால் நீட்டினான்.

சைமன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

பிறகு தன் கோப்பையை எடுத்தான். பாதி சட்டையில் சிந்தியது. மீதியைக் குடித்தான்.

இவன் குனிந்து காலருகே கிடந்த செருப்பை எடுத்துக்கொண்டு முன்வரிசைக்குப் போனான். சீட்டுக்கு அடியில் துழாவி மற்றதையும் எடுத்தான். இரண்டையும் சைமனின் காலடியில் வைத்தான்.

"மாட்டிக்கடா. ஸ்கிரீன் பக்கத்துல ஒரு கதவு கீது."

"நீ?"

பின்பக்கக் கதவு திறந்து வெயில் உள்ளே விழுந்தது. நாலு பேரின் நிழல்களும் கூடவே விழுந்தன.

இவன் நடைபாதைக்கு வந்து, சைமனுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டான்.