முந்தி உட்கார்ந்தவர்

"எடுக்க முடியாதுன்னா என்னம்மா அர்த்தம்? நீங்களும் அவங்ககிட்ட விலை போயிட்டீங்களா?"

டெய்லரம்மா கேட்ட கேள்வியில், கண்ணாடிச் சுவருக்கு அப்பால் கம்ப்யூட்டர் தட்டிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். காப்புரிமை வழக்குகளை மட்டுமே எடுக்கும் பெரிய வக்கீல் ஆபீஸ் அது. அவள் ஏறி இறங்கும் மூன்றாவது ஆபீஸ். மற்ற இரண்டிலும் இதே கதைதான். எதிராளி கம்பெனியின் பெயரைச் சொன்னதும் கம்ப்யூட்டரில் பார்ப்பார்கள், முகம் மாறும், கும்பிடு போட்டு அனுப்பிவிடுவார்கள்.

அவளுக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? கைக்குழந்தையை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொள்ளும் பை அது. மகள் குழந்தையாக இருந்தபோது, தையல் மெஷினையும் விட முடியாமல் பிள்ளையையும் விட முடியாமல் திண்டாடிக் கண்டுபிடித்தாள். ஒற்றைக் கையால் வாரை அவிழ்க்கலாம், பிள்ளை சரியாது. அதற்குக் காப்புரிமையும் வாங்கி வைத்திருந்தாள். இப்போது கேள்விப்படாத ஏதோ ஒரு புதுக் கம்பெனி அதே பையைக் கடை கடையாகத் தொங்கவிட்டிருக்கிறது. அது போதாதென்று, அவள் காப்புரிமை செல்லாது, அவள்தான் தைப்பதை நிறுத்த வேண்டும் என்று கோர்ட்டுக்கும் போயிருக்கிறது. அடுத்த வாரம் பதில் சொல்லாவிட்டால் மெஷினை மூடிவிட்டு உட்கார வேண்டியதுதான். தெருமுனை வக்கீலோ, இதெல்லாம் நமக்குப் பழக்கமில்லை என்று கையை விரித்துவிட்டார்.

வக்கீலம்மா குரலைத் தாழ்த்தினார். "காரணத்தை நான் சொல்லக் கூடாதும்மா. பொதுவா எங்க தொழில்ல ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு வழக்குல யார் முந்தி வந்து இந்த நாற்காலியில உட்கார்ந்து விஷயத்தைச் சொல்றாங்களோ, நாங்க அவங்க பக்கம். அரை மணி நேரம் பேசிட்டு எழுந்து போயிருந்தாலும் சரி, அப்புறம் எதிர்ப்பக்கத்துப் பேச்சைக் கேக்கவே கூடாது."

தட்தட்டென்று படியிறங்கி வந்தாள். வண்டி நிறுத்த இடமில்லை என்று தம்பி கீழேயே காத்திருந்தான். அவள் தைப்பாள், அவன் கடைகளில் கொண்டுபோய்ப் போடுவான். இத்தனை வருஷமும் அப்படித்தான் இரண்டு குடும்பமும் ஓடியது. இந்த அலைச்சலிலும் ஒவ்வொரு ஆபீஸுக்கும் அவன்தான் முன்கூட்டியே போய் அவளுக்கு நேரம் வாங்கி வருவான்.

விஷயத்தைக் கேட்டதும் அவன் வண்டியின் ஸ்டாண்டை ஓங்கி உதைத்தான். "அப்போ எவனோ வேணும்னே ஒவ்வொரு ஆபீஸாப் போய் முந்தி உட்கார்ந்துட்டு வரான்க்கா. நமக்கு ஒரு நல்ல வக்கீலும் கிடைக்கக் கூடாதுன்னு. சோறுதான் திங்கிறானா அவன்?"

தனக்காகக் கொதிக்க ஓர் ஆள் இருக்கிறதே என்று அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. இன்னும் ஒரே ஓர் ஆபீஸ் பாக்கி. இருப்பதிலேயே பெரியது. நாளைக்கே போய் நேரம் வாங்கிவிடுகிறேன், நீ வெயிலில் அலையாமல் வீட்டிலேயே இரு என்று சொல்லி அவளை வாசலில் இறக்கிவிட்டுப் போனான்.

மறுநாள் அவளுக்கு வேலையே ஓடவில்லை. அவன் நேரம் வாங்கி, அதற்கப்புறம் இவள் போவதற்குள் அந்தப் படுபாவிகள் இங்கேயும் புகுந்துவிட்டால்? சொன்னால் தம்பி தடுப்பான். சொல்லாமலே ஒரு பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

வரவேற்பறை குளுகுளுவென்று இருந்தது. அலமாரியில் ஷாம்பு பாட்டில், பொம்மைக் கார், செருப்பு என்று ஜெயித்த வழக்குகளின் சாமான்களை அழகாக அடுக்கியிருந்தார்கள். நம் பையும் ஒருநாள் இங்கே உட்காரும் என்று நினைத்துக்கொண்டாள்.

சார் உள்ளே ஒரு கட்சிக்காரரோடு பேசிக்கொண்டிருக்கிறார், முடிந்ததும் கூப்பிடுகிறேன் என்றாள் வரவேற்பறைப் பெண்.

"அடுத்தது நான்தாம்மா. எனக்கு முன்னாடி வேற யாரையும் விட்டுடாதே, உனக்குப் புண்ணியமாப் போகும்," என்று சொல்லிவிட்டு, அறைக்கு மிகப் பக்கத்தில் இருந்த நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தாள்.

சற்று நேரத்தில் கதவு பாதி திறந்தது. உள்ளே வக்கீல், வந்தவருக்கு விடைகொடுத்துக்கொண்டிருந்தார்.

"இனிமே உங்க கம்பெனி எங்க பொறுப்பு, கவலைப்படாமப் போங்க. உங்க அக்கா இங்கேயே வந்து அழுதாலும் எங்களால காதுல வாங்க முடியாது."