ஹாலில் ஒரு சனியன்

"இன்னைக்காவது இந்தச் சனியன் வீட்டை விட்டுக் கிளம்புமா, இல்ல நான் கிளம்பட்டுமா?"

மனைவி கேட்டபோது லிஃப்ட் மெக்கானிக் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பகல் முழுக்க ஒரு பழைய லிஃப்டோடு மல்லுக்கட்டிய உடம்பு உட்கார இடம் தேடியது.

"கிளம்பும். வாங்குறவர் இப்ப வந்துடுவார்."

சனியன் என்பது ஹாலில் பாதியை அடைத்துக்கொண்டு நின்ற பின்பால் விளையாட்டு மெஷின். மூடிப்போன ஒரு கிளப்பிலிருந்து மெக்கானிக் ஆசையாகத் தூக்கி வந்தது. இரும்புக் குண்டு ஓடி முட்டினால் மணி அடிக்கும், மேலே ஸ்கோர் காட்டும் எண் சக்கரங்கள் சுழலும். விற்க அவருக்கு மனசில்லைதான். ஆனால் வருஷக்கணக்காக இதே பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. போய்த் தொலையட்டும், வீட்டில் நிம்மதியாவது மிஞ்சும்.

பழைய மெஷின்களைத் தேடி வாங்கும் சேகரிப்பாளர் வந்தார். இது மூன்றாவது தடவை.

"பேர் தெரியாத கம்பெனி சார். கொஞ்சம்தான் செஞ்சாங்க, அதுக்குள்ள கடையை மூடிட்டாங்க. அதனாலதான் எங்களை மாதிரி பைத்தியங்க இதைத் தேடி அலையுறோம்." மேல் கண்ணாடியில் தீட்டியிருந்த சர்க்கஸ் பெண்ணை விரலால் தடவிப் பார்த்தார். "கம்ப்யூட்டரே கிடையாது. எல்லாம் ஒயரும் ரிலே சுவிட்சும்தான். கரண்டைப் பிடுங்கினாலும் கடைசி ஆட்டத்துல எடுத்த ஸ்கோர் அப்படியே நிக்குது பாருங்க. அடுத்த ஆட்டம் ஆரம்பிச்சாதான் பூஜ்யம். நல்ல கை சார் உங்களுக்கு."

மெக்கானிக் பாதிக் காதில் வாங்கிக்கொண்டே பிளக்கைச் செருகினார். விளக்கு எரிந்தது. ஸ்டார்ட் பட்டனை அழுத்தினார். ஒன்றும் அசையவில்லை.

"ஞாயித்துக்கிழமை ஆடினேன் சார். நல்லா ஓடிச்சு."

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க."

"நீங்க போன மறுநாளே தானா ஓடிச்சே."

"அப்ப நான்தான் ராசியில்லாதவன்." சேகரிப்பாளர் பையை எடுத்துக்கொண்டார். "என் வீட்ல ஏற்கெனவே ஓடாத பொணம் ரெண்டு கிடக்கு சார். மூணாவது போனா வீட்டம்மா என்னையும் சேர்த்து வெளிய வெச்சுடுவாங்க. இனிமே வரமாட்டேன்."

கதவு சாத்திக்கொண்டது.

"போச்சா? என் தலையெழுத்து, இதோடயே குப்பை கொட்டணும்னு," என்றபடி மனைவி சமையலறைக்குள் போனாள். "முட்டி வலியில அஞ்சு நிமிஷம் நிக்க முடியல. டார்ச் பிடிக்க இன்னைக்கு என்னைக் கூப்பிடாதீங்க."

மெக்கானிக் பெருமூச்சோடு பின்பலகையைக் கழற்றினார். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஸ்டார்ட் ரிலேயைப் பார்த்தார். தொட்டுக்கொள்ள வேண்டிய இரண்டு தகடுகளுக்கு நடுவே ஓர் அட்டைத் துண்டு. ரிப்பேர் பார்க்கையில் ஒரு ரிலேயை ஊமையாக்க அவர் எப்போதும் செருகுவது போலவே, அதே சாய்வில்.

உருவி எடுத்தார். முட்டி வலி மாத்திரை டப்பாவின் கிழிசல்.

மெல்ல எழுந்து முன்பக்கம் வந்தார். எண் சக்கரங்களை அப்போதுதான் சரியாகப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அந்த எண்ணில் பாதியைக்கூட அவர் தொட்டதில்லை.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. "என்ன, சரியாச்சா?"

"இல்ல. இது இனிமே தேறாது. யாரும் வாங்க மாட்டாங்க."

அட்டைத் துண்டை எடுத்த இடத்திலேயே செருகிப் பலகையை மூடினார்; நாளை அவர் வேலைக்குக் கிளம்பியதும் அதை எப்படி உருவுவது என்று அவளுக்குத் தெரியும்.