ஐந்நூறாவது கையெழுத்து

ரோசென் வேனை விட்டு இறங்கும்போதே சிரித்துக்கொண்டு இறங்கினாள். நான் மேயர் அலுவலகத்துக் கதவைப் பாதி திறந்து பிடித்தபடி நின்றேன்.

காலை ஷிப்ட் முடித்து நேரே வந்திருந்தேன். கையில் கோழிக் கொழுப்பு வாடை போகவில்லை. அவள் அதைப் பொருட்படுத்தாமல் என் இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்தாள். பதினேழு வருஷம் என் பக்கத்தில் நின்று கோழி அறுத்தவள்தானே.

இப்போது அவள் பிரான்சின் ஜனாதிபதித் தேர்தலில் நிற்கப் போகிறாள். நிற்க முடியுமா முடியாதா என்பது நாளை மாலை ஆறு மணிக்குத் தெரிந்துவிடும்.

ஐந்நூறு கையெழுத்து வேண்டும். வாக்காளர் கையெழுத்து இல்லை, மேயர் மாதிரி பதவியில் இருப்பவர்கள் போட வேண்டிய கையெழுத்து. அவளிடம் நானூற்றுத் தொண்ணூற்றொன்பது இருந்தது.

நான் மேயர். நூற்றுப் பன்னிரண்டு பேர் குடியிருக்கிற ஊருக்கு மேயர் என்றாலும் மேயர்தான்.

மூன்று மாதமாக மழையிலும் சேற்றிலும் ஊர் ஊராகப் போயிருக்கிறாள். எந்த வாசலில் நின்றாலும் முதல் பேச்சே நான் சோஷலிஸ்ட் என்பதுதானாம். கட்சிக்காரர்கள் அந்தச் சொல்லைக் கொஞ்சம் அடக்கி வாசி என்று கெஞ்சியும் கேட்கவில்லை. அதைக் கேட்ட மாத்திரத்தில் பாதி மேயர்களுக்கு அவசர வேலை வந்துவிடுமாம். ஒருத்தர் பசு கன்று போடுகிறது என்று பின்வாசல் வழியாக ஓடினாராம். அவர் பல் வைத்தியர் என்று பிறகுதான் தெரிந்ததாம்.

நானும் சிரித்தேன். இரண்டு கிண்ணத்தில் காபி ஊற்றினேன்.

பிறகு அவள் குரல் மாறியது. ஜூன் மாதத்தில் எங்கள் கோழி ஆலையை மூடுகிறார்கள். முந்நூற்று நாற்பது பேர். ஒரு பத்திரிகையிலும் நாலு வரிக்கு மேல் வரவில்லை. அவள் பெயர் பட்டியலில் ஏறிவிட்டால், கோடீஸ்வரன் ஆதரிக்கிற ஆளுக்குத் தொலைக்காட்சியில் எத்தனை நிமிடமோ கடைசி இரண்டு வாரம் அத்தனை நிமிடம் அவளுக்கும் கொடுத்தாக வேண்டும். ஜெயிக்க மாட்டேன், எனக்குத் தெரியாதா என்றாள். ஆனால் முந்நூற்று நாற்பது பெயரையும் கேமரா முன்னால் ஒவ்வொன்றாக வாசிப்பேன் என்றாள். அதற்கப்புறம் மூடட்டும் பார்க்கலாம்.

என் கதையையும் எல்லாக் கூட்டத்திலும் சொல்கிறாளாம். வேலைநிறுத்தக் கூடாரத்தில், டயர் எரிகிற புகைக்கு நடுவே, நாற்பத்தொரு வயதில் எழுத்துக் கூட்டிப் படித்த கோழி அறுப்பவன் இன்றைக்கு ஓர் ஊருக்கு மேயர். போன வாரம் லில் நகரத்தில் அதைச் சொன்னதும் மண்டபம் முழுக்க எழுந்து நின்றதாம். சொல்லும்போது அவளுக்கே கண் கலங்கியது.

நான் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் கையை நீட்டினாள். தாளைக் கொடு, நானே பாரிசுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன் என்றாள். அரசாங்கம் ஒரு மேயருக்கு ஒரு தாள்தான் அனுப்பும். தொலைத்தாலும் கெடுத்தாலும் இன்னொன்று கிடையாது. மேயரே தன் கைப்பட நிரப்ப வேண்டும்.

தர முடியாது என்றேன்.

விளையாடுகிறேன் என்று நினைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். வேறு யாருக்காவது போட்டுவிட்டாயா என்று கேட்டாள். முதலாளி கூப்பிட்டுப் பேசினானா? வேறு ஆலையில் இடம் தருகிறேன் என்றானா? நான் காபிக் கிண்ணங்களை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கினேன். மழை கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது.

“ஏன்டா எர்வே, கடைசில உன்னையும் கொக்கில மாட்டிட்டானா அவன்?”

ஆலையில் கோழியை உயிரோடு தலைகீழாக மாட்டுகிற கொக்கி. நாங்கள் இரண்டு பேரும் மாட்டியிருக்கிறோம்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.

அவள் கோட்டை மாட்டிக்கொண்டாள். அறுபது கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு மேயர் இருக்கிறார், இரண்டு முறை கதவைச் சாத்தியவர், மூன்றாவது முறை போய்ப் பார்க்கிறேன் என்று யாருக்கோ சொல்வது போலச் சொன்னாள். வாசலில் நின்று திரும்பினாள்.

“உன் கதைய இனிமேலும் சொல்லத்தான் போறேன். ஜனங்களுக்கு அது வேணும். ஆளு செத்துப்போயிட்டான்னு சொல்லிக்கிறேன்.”

வேன் தேவாலயத்தைத் தாண்டித் திரும்பும்வரை நின்றேன். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். கூப்பிட்டு என்ன ஆகப்போகிறது?

உள்ளே வந்து மேசை இழுப்பறையைத் திறந்தேன்.

தாள் அங்கேதான் இருந்தது. அலுவலகத்துத் தாளையெல்லாம் செவ்வாய்க்கிழமை வருகிற எழுத்தர் அம்மாதான் நிரப்புவார். இதை மட்டும் யார் துணையும் இல்லாமல் எழுத வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை தனியாக வந்து உட்கார்ந்தேன். ரோசெனுக்காக. முத்திரைகூடக் கோணாமல் விழுந்திருந்தது.

நான் எழுதப் பழகிய நாளிலிருந்து ஆஸ்பத்திரியில் ஆகட்டும், ஆலையில் ஆகட்டும், எந்தத் தாளிலும் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தால் அது என் பெயருக்குத்தான்.

வேட்பாளர் என்ற வார்த்தைக்குக் கீழே, பெயர் என்ற கட்டத்துக்குள், பெரிய பெரிய எழுத்தில், கோட்டைத் தாண்டாமல், என் பெயரை எழுதியிருந்தேன்.