வாய் திறக்காத வழிகாட்டி

"இன்னைக்கும் லொடலொடன்னு பேசினே, உன் சீட்டைக் கிழிச்சிடுவேன்! வந்தவங்க பறவையைப் பார்க்கட்டும், உன் வாயைப் பார்க்க வேண்டாம்."

கடற்கரை இயற்கை மையத்தின் நிர்வாகி வழிகாட்டியைக் காலையிலேயே போனில் எச்சரித்திருந்தாள். அவனுக்கு ஆபீஸில் 'ரேடியோ' என்றே பெயர்.

பறவை பார்க்கும் நடை முடிந்து வந்த கூட்டம் அவளை மொய்த்துக்கொண்டது.

"மேடம், உங்க கைடு பிரமாதம்! நோட்டீஸ்ல போட்ட மாதிரி பச்சைத் தொப்பியைப் பார்த்ததும் பின்னாடியே போயிட்டோம். மனுஷன் வாயே திறக்கல!"

"திரும்பித் திரும்பி ஒரு முறை முறைச்சாரு பாருங்க, நாங்க கப்சிப்!"

"திடீர்னு ஓடிப்போய் ஒரு புதருக்குள்ள உட்கார்ந்தாரு. நாங்களும் மூச்சு விடாம சுத்தி உட்கார்ந்துட்டோம். அது என்ன பறவை மேடம்?"

நிர்வாகிக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. திட்டியது வீண்போகவில்லை! பாராட்டிவிடலாம் என்று ரேடியோவுக்குப் போன் போட்டாள்.

"மேடம், திட்டாதீங்க! பஸ் பாதி வழியில படுத்துடுச்சு. இன்னும் வந்துகிட்டேதான் இருக்கேன். கூட்டத்தைக் கொஞ்சம் உட்கார வைங்க..."

அவள் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். அப்படியானால் இவர்கள் யார் பின்னால் போனார்கள்?

வாசலில் பச்சைத் தொப்பியோடு, வியர்த்து விறுவிறுத்து ஒரு குண்டு மனிதர் வந்து நின்றார். கூட்டம் கைதட்டியது. "இவர்தான் மேடம்!"

"ஏம்மா," என்று வெடித்தார் அவர். "வாக்கிங் வந்த மனுஷன் அவசரத்துக்கு ஒதுங்கினா, அதுக்குமா டிக்கெட் போட்டு ஆள் அனுப்புவீங்க?"